மாமாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி போனை வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "மாமாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சதும்மா?" என்று கேட்டாய். இருபத்திரண்டு என்றேன். "சரிம்மா, தூங்குங்க" என்று வைத்துவிட்டாய். உனக்கு இருபத்திரண்டு முடிந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீ கேட்டது மாமாவைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரியாதா? அதற்கப்புறம் எனக்கும் தூக்கம் வரவில்லை.

போனில் இதைப் பேசினால் நான் அழுதுவிடுவேன், இல்லையென்றால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முடிந்தபோது படி.

முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம் "மாமாவுக்கு நரம்புத் தளர்ச்சி" என்றே சொல்லி வளர்த்தோம். அந்த நோயின் பெயர் மனச்சிதைவு. ஸ்கிசோஃப்ரினியா. பெயரைச் சொன்னால் நீ பயந்துவிடுவாய் என்று நினைத்தோம். பெயர் தெரியாமல் நீயாகத் தேடிப் பார்த்து, ஒரு ராத்திரியில் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறாய். எங்கள் தப்பு அது.

நீ பார்த்த மாமா, மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, உனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த மாமா. நான் பார்த்த முதல் இரண்டு வருஷத்தை நீ பார்க்கவில்லை. அவன் அறைக் கதவின் சாவித்துவாரத்தில் பஞ்சை உருட்டி அடைத்து வைப்பான். அது வழியாகத்தான் குரல்கள் உள்ளே வருகின்றன என்பான். பாட்டி தினமும் விடிகாலையில், அவன் அசந்து தூங்குகிற நேரம் பார்த்து, ஹேர்பின்னால் அந்தப் பஞ்சை மெதுவாகத் தோண்டி எடுப்பாள். வீட்டுக்கு யாராவது வந்து பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அவன் எழுந்து மறுபடியும் அடைப்பான். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்தத் துவாரத்தைச் சுற்றி மரம் வெளுத்துப்போய், ஹேர்பின் கீறல்களாக இருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் டாக்டரிடம் போனோம். அங்கே வயதான ஒரு டாக்டர் பாட்டியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பையனை எப்படி வளர்த்தீங்க?" பாட்டி பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவள் சாகும்வரை சுமந்தாள். அதிகமாக அதட்டினேனோ, அளவுக்கு மீறிக் கொஞ்சினேனோ என்று என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பாள்! அந்த டாக்டர் ஒரு பழைய கருத்தைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. 1948-இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், இந்த நோயைப் பிள்ளைக்கு உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதினார். அதற்குச் சரியான ஆதாரம் எப்போதும் இருந்ததில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் அதைக் கைவிட்டுவிட்டன. ஆனால் நடுவில் எத்தனை தாய்மார்கள் பாட்டி மாதிரி கூனிக்குறுகிப் போனார்களோ.

சரி, இனி நீ கேட்காமல் கேட்டதற்கு வருகிறேன்.

உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற என் லூபஸ் நோயின் ரிப்போர்ட்டுகளை நீ பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு முறையும் அதில் சி3, சி4 என்று இரண்டு வரி வரும். சின்னப் பையனாக இருந்தபோது, "சி4 குறைஞ்சிருக்காம்மா?" என்று மார்க் கேட்பதுபோலக் கேட்பாய். அவை காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தைச் சேர்ந்தவை. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டு, "இதைத் தின்னு" என்று அடையாளம் காட்டுவது அவற்றின் வேலை. இறந்துபோன செல்களின் குப்பையையும் அப்படித்தான் அப்புறப்படுத்துகின்றன. லூபஸ் சீறும்போது அவை செலவாகிப்போகின்றன. அதனால்தான் எண் இறங்குகிறது.

2016 ஜனவரியில் அதே சி4 பற்றி ஒரு செய்தி வந்தது. மனச்சிதைவு நோயோடு சி4 மரபணு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று. படித்துவிட்டு என் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் நோயின் பெயரும் என் தம்பியின் நோயின் பெயரும் ஒரே புரதத்தில் வந்து முட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். புரியாத இடங்களை என் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். நம் ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் ஒரு பகுதி உண்டு. உறுப்பு மாற்றத்துக்கு இருவரும் பொருந்துகிறார்களா என்று பார்ப்பது அந்த இடத்தைத்தான். மனச்சிதைவு உள்ள ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை இல்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டபோது, 2009-இலேயே அந்தப் பகுதி தனியாகத் தெரிந்தது. மூளை நோய்க்கும் எதிர்ப்பு மண்டலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோருக்கும் குழப்பம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தே தலைமுறை தாண்டி வருவதால், எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரோல் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், அஸ்வின் சேகர் என்ற ஆராய்ச்சி மாணவர் அதில் சி4 என்ற ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். சி4 ஆளுக்கு ஆள் மாறும் விசித்திரமான மரபணு. சிலருக்கு அதிகப் பிரதிகள், சிலருக்குக் குறைவு. சி4ஏ, சி4பி என்று இரண்டு வகை. அதிலும் நீளம், குட்டை. நீளமாக இருப்பது எதனால் தெரியுமா? எத்தனையோ லட்சம் வருஷங்களுக்கு முன்னால் நம் மூதாதைகளைத் தொற்றிய ஒரு வைரஸின் துண்டு அந்த மரபணுவுக்குள்ளேயே தங்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 22 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 65,000 பேரின் தகவல்களை வைத்துப் பார்த்தபோது, எந்த அமைப்பு மூளையில் சி4ஏ-வை அதிகமாகச் சுரக்க வைக்கிறதோ, அந்த அமைப்பு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடியிருந்தது.

மூளையில் சி4-க்கு என்ன வேலை? கிருமிக்கு அடையாளம் போடும் அதே ஆட்கள் மூளையில் வேறு ஒரு வேலையும் பார்க்கிறார்கள். நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். குழந்தையில் அது தேவைக்கு மேல் முளைக்கிறது. இறந்தவர்களின் மூளைத் திசுவில் அதை எண்ணிப் பார்த்த பீட்டர் ஹட்டன்லாக்கர், மூளையின் முன்பகுதியில் சின்னக் குழந்தைக்குப் பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் இருப்பதாக 1979-இல் எழுதினார். நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்துவிடுவது மாதிரி, வளர வளர மூளை வேண்டாததைக் கலைத்துவிடுகிறது. விடலைப் பருவம் தாண்டியும் இது நடக்கிறது. எந்த இணைப்பை எடுப்பது என்று காம்ப்ளிமென்ட் அடையாளம் போட, மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா வந்து விழுங்குகின்றன. பெத் ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2007-இலிருந்து எலிகளில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். சி4 இல்லாத எலிக்குட்டிகளில் இந்தக் கலைப்பு சரியாக நடக்கவில்லை என்பதும் 2016 ஆய்விலேயே இருக்கிறது.

இப்போது யோசித்துப் பார். அடையாளம் அதிகமாகப் போட்டால், இருக்க வேண்டிய இணைப்பும் சேர்ந்து போய்விடலாம். மனச்சிதைவில் நடப்பது இதுதானோ என்று இர்வின் ஃபைன்பர்க் என்ற மருத்துவர் 1982-இலேயே கேட்டிருந்தார். நோய் ஏன் பதினெட்டு இருபது வயதை ஒட்டித் தலைகாட்டுகிறது என்பதற்கும் அது ஒரு விளக்கமாகிறது. இன்னும் முழுசாக நிரூபித்தாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் முப்பத்து நாலு வருஷத்துக்கு முன் ஒருவர் ஊகமாகக் கேட்டதற்கு, ஒரு மரபணு முதல்முறையாகப் பிடி கொடுத்தது.

இதை மாமாவிடம் சொன்னேன். உனக்குத் தெரியாது, நீ அப்போது பள்ளிக்கூடம் போயிருந்தாய். அவன் முழுக்கக் கேட்டான். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ அம்மா மேல தப்பில்லையாக்கா?" என்றான். அத்தனை வருஷமும் அவனும் அதையே சுமந்துகொண்டிருந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டி அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே போய்விட்டாள்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை.

அதிக ஆபத்துள்ள சி4 அமைப்பு இருந்தாலும், குறைவான ஆபத்துள்ள அமைப்போடு ஒப்பிட்டால் வாய்ப்பு சுமார் 1.3 மடங்குதான் கூடுகிறது. நூறு பேரில் ஒருவர் என்றால், ஆயிரம் பேரில் பதின்மூன்று பேர் என்று ஆகும். அவ்வளவுதான். 2020-இல் வந்த அடுத்த ஆய்வு, சி4-இன் இந்த விளைவு பெண்களைவிட ஆண்களிடம் பலமாக இருப்பதைக் காட்டியது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீயே படித்துவிட்டு அம்மா சொல்லவில்லை என்று நினைக்கக் கூடாது. அதே ஆய்வில்தான் எனக்கு முக்கியமான விஷயம் இருந்தது. மனச்சிதைவு வாய்ப்பைக் கூட்டும் அதே சி4 அமைப்புகள் லூபஸ் வராமல் காக்கின்றன. சி4 குறைவாக இருந்தால் லூபஸ் வாய்ப்பு ஏறுகிறது. எனக்கு ஒரு பக்கம், என் தம்பிக்கு மறுபக்கம் தராசு சாய்ந்துவிட்டது என்று நினைக்க எனக்கு ரொம்பத் தோன்றியது. ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அறுபதாயிரம் பேரில் தெரிகிற சாய்வை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்க்க முடியாது. ரத்தத்தில் ஓடும் சி4 அளவை வைத்து மூளையைப் பற்றிச் சொல்லவும் முடியாது.

அந்தப் பகுதி கட்டாக இறங்குகிறது என்றேன் அல்லவா? அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. அதனால்தான் எலும்பு மஜ்ஜை தானத்துக்கு உடன்பிறந்தவர் முழுசாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. நானும் மாமாவும் ஒரே கட்டுகளை வாங்கியிருக்கலாம், முற்றிலும் வேறானவற்றையும் வாங்கியிருக்கலாம். என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்றுதான் உன்னிடம் வந்திருக்கிறது. "ரத்தத்திலேயே இருக்கு" என்று யாராவது உன்னிடம் சொன்னால், எவ்வளவு, எது, யாரிடமிருந்து என்று அவர்களுக்கே தெரியாது என்பதை நினைவில் வை.

அப்புறம், சி4 ஒன்றே எல்லாம் என்றும் நினைத்துவிடாதே. 2022-இல் மனச்சிதைவு உள்ள 76,755 பேரையும் இல்லாத 2,43,649 பேரையும் ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பல நரம்பு செல்களோடும் சினாப்ஸோடும் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றும் தனித்தனியே துளியூண்டு. அந்தத் துளிகள் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. உன் அப்பாவிடமும், உன்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பனிடமும்கூட.

இர்விங் காட்ஸ்மன் என்ற உளவியலாளர் ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் நடந்த குடும்ப ஆய்வுகளைத் தொகுத்து வைத்தார். அதில் பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஒன்பது. மாமா, சித்தப்பா போன்றவர்களுக்கு இருந்தால் நூற்றில் நாலு. உன் இடம் அதுதான். அப்படியே திருப்பிப் பார், நூற்றில் தொண்ணூற்றாறு பேருக்கு வரவில்லை. இன்னொன்று, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், ஏறக்குறைய பாதி ஜோடிகளில் மற்றவருக்கு வருவதில்லை. மரபணு முழுக்க ஒன்றாக இருந்துமே அப்படி.

உமிழ்நீரைக் கம்பெனிக்கு அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று போன மாதம் சுற்றிவளைத்துக் கேட்டாய். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வேண்டாம் கண்ணா. இந்தத் துளிகளையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் தருகிறார்கள். கூட்டத்தைப் பற்றி அது ஏதோ சொல்கிறது. தனி ஒருவனுக்கு வருமா வராதா என்று அதனால் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் தகவல்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி ஆட்களுடையவை, நம் மாதிரி ஆட்களுக்கு அது இன்னும் பொருந்தாது. அந்த எண்ணைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நீ ராத்திரி முழுக்க விழித்திருப்பதைத்தான் நான் பார்க்கிறேன். உனக்கு மனது கேட்கவில்லை என்றால், மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் நேரில் போய்ப் பேசு. நானும் வருகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. எனக்கு லூபஸ் வந்த புதிதில், உனக்கு நாலு வயது, ஸ்டெராய்டு அதிக டோஸில் கொடுத்தார்கள். மூன்று ராத்திரி கண் மூடவில்லை. மூன்றாவது ராத்திரி குளியலறைக் குழாயில் தண்ணீர் ஓடும்போது அதற்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொல்வது கேட்டது. மூடினேன், நின்றது. திறந்தேன், மறுபடியும். எனக்கும் வந்துவிட்டது என்றே நினைத்தேன். உன்னைத் தூக்கக்கூடப் பயந்தேன். விடிந்ததும் டாக்டரிடம் சொன்னேன். அதிக டோஸில் சிலருக்கு இப்படி ஆகும் என்று சொல்லிப் படிப்படியாகக் குறைத்தார். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சாவித்துவாரத்துப் பஞ்சு எதற்கு என்று அந்த ராத்திரிதான் எனக்கு உண்மையாகவே புரிந்தது. குரல் நிஜமாகவே கேட்கிறது கண்ணா. கேட்கிறவனிடம் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நாங்கள் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டு வருஷம்தான் எனக்குத் தீராத வருத்தம். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ, அவ்வளவுக்குப் பலன் நன்றாக இருக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நாங்கள் வெளியே தெரியக் கூடாது என்று தள்ளிப்போட்டோம். அதனால் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், நண்பர்களைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், எல்லோரும் உன்னைக் கவனிக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பத் தோன்றினால், யாரும் இல்லாதபோது குரல் கேட்டால், அன்றைக்கே என்னிடம் சொல். எந்த நேரமானாலும் சரி. நான் பதறமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், பதறினாலும் உன்னோடு டாக்டரிடம் வந்து நிற்பேன். ஒரு ராத்திரி தூக்கம் வராததெல்லாம் இதில் சேராது, அதை நினைத்து உன்னை நீயே வேவு பார்த்துக்கொண்டிருக்காதே.

கஞ்சா மட்டும் வேண்டாம். உன் வயதுப் பிள்ளைகள் சாதாரணமாக நினைக்கிறார்கள் என்று தெரியும். வீரியம் கூடிய கஞ்சாவை அடிக்கடி எடுப்பவர்களிடம் இந்த நோய் அதிகம் காணப்படுகிறது, அதுவும் இளவயதில் ஆரம்பித்தவர்களிடம். பிறந்தபோதே வந்த மரபணுவை நம்மால் மாற்ற முடியாது, இது உன் கையில் இருக்கிறது. இதற்கு முன் தொட்டிருந்தாலும் நான் திட்டப் போவதில்லை. நிறுத்திவிடு.

மாமாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவனிடமே நேராகக் கேட்கலாமாம், எதுவானாலும் சொல்கிறானாம். "முதல் குரல் என்ன சொல்லிச்சுன்னு அவன் கேட்டா, அதையும் சொல்றேன்" என்றான். எனக்கே இதுவரை சொன்னதில்லை.

வியாழக்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் வந்ததும் சி3, சி4 எவ்வளவு என்று உனக்கு அனுப்புகிறேன், முன்னெல்லாம் கேட்பாயே. நீ எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று எனக்கு அனுப்பு.

அம்மா